சின்ன உடம்பில் பெரிய சூடு

லேப்டாப்பை மெத்தைமேல் வைத்து வேலை செய்யாதீர்கள் என்று கடைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்வேன். அடியில் இருக்கும் காற்றுத் துளைகள் அடைபட்டுவிடும். சூடு வெளியே போகாது. பாதிப் பேர் கேட்பார்கள். மீதிப் பேர் கொஞ்ச நாளில் திரும்பி வருவார்கள். என் கடை அந்த மீதிப் பேரால்தான் ஓடியது.

நடந்ததை நடந்தபடி எழுதித் தரச் சொன்னீர்கள், மேடம். இதையே மாஜிஸ்திரேட்டிடமும் சொல்ல வேண்டியிருக்கும் என்றீர்கள். சொல்கிறேன். என் பெயர் ரொனால்டு. எலக்ட்ரானிக்ஸ் படித்தேன். திண்டுக்கல்லில் மெங்கில்ஸ் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். மனைவி பெயர் வினோலியா. மேற்கு மரியநாதபுரத்தில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். தீப்பிடித்த அறையை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்.

கண்ணனை விட்டுவிடுங்கள். அவன் விற்ற பேட்டரியில் குறை எதுவும் இல்லை. அதைச் சொல்லத்தான் முதலில் வந்தேன். மற்றதெல்லாம் அதைச் சொல்லும்போது கூடவே வந்துவிட்டது.

வினோலியாவின் வேலை, இன்னும் கட்டாத வீட்டைக் கட்டி முடித்ததுபோலத் திரையில் காட்டுவது. கொத்தனார் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும் முன்பே வீட்டுக்காரர் தன் மாடிப்படியில் ஏறி இறங்கிவிடலாம். ஜன்னலில் எந்த நேரத்துக்கு எந்தப் பக்கம் வெயில் விழும் என்று பார்த்துவிடலாம். அதற்கு லேப்டாப்பில் படம் வரைவதற்கென்றே தனியாக ஒரு சிப் வேண்டும். கிராபிக்ஸ் சிப் என்போம். சாதாரண லேப்டாப்பில் அது தனியாக இருக்காது. மூளையாக இருக்கிற சிப்பே படத்தையும் வரைந்துகொள்ளும். கடிதம் அடிக்க, சினிமா பார்க்க அது போதும். வினோலியாவுக்குப் போதாது.

தனிச் சிப் உள்ள லேப்டாப் என்றால் வழக்கமாகக் கனமாக, செங்கல் மாதிரி இருக்கும். வினோலியா வாங்கியது அப்படி இல்லை. கைப்பைக்குள் போகிற அளவு. ஒரு கையால் தூக்கலாம். அதற்குள்ளேயே தனிச் சிப்பும் இருந்தது. நான் வேண்டாம் என்றேன்.

என் காரணம் தொழில் சார்ந்தது. இரண்டு சிப்புக்கும் சேர்த்து ஒரே செப்புக் குழாய். விரல் கனம் கூட இல்லாத ஃபேன் இரண்டு. பக்கத்திலேயே பேட்டரி. சின்ன உடம்பில் அவ்வளவு சூட்டை வைத்தால் அது எங்கே போகும்? செய்தவர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் சூடு ஏறினால் தன்னைத் தானே மெதுவாக்கிக்கொள்ளும்படி செய்திருக்கிறார்கள்.

"பெருசா ஒண்ணு வாங்கு வினோ. டேபிள்ல வச்சு வீட்டுலருந்தே செய்யலாம்."

"டேபிளத் தூக்கிக்கிட்டுப் பழனி பஸ்ல ஏத்துவாங்களா?"

"கஸ்டமர வீட்டுக்கு வரச் சொல்லு."

"ஆமா. லாட்ஜப் பூட்டிட்டு வந்து நம்ம வீட்டுல காப்பி குடிச்சிட்டு வரிசையா உக்காந்திருப்பாக. நீங்க டோக்கன் குடுங்க."

இப்படித்தான் பேசுவாள். கோபப்பட முடியாது.

ஒருமுறை நானும் அவளோடு பழனிக்குப் போனேன். அடிவாரத்தில் லாட்ஜ் வைத்திருக்கிற பொன்னழகு என்பவர் மேலே இன்னொரு மாடி எடுக்க இருந்தார். வினோலியா அவருடைய வரவேற்பு மேசையில், சாவிகள் தொங்கும் பலகைக்குக் கீழே லேப்டாப்பைத் திறந்து வைத்தாள். அவர் கேட்கக் கேட்க அங்கேயே சுவரை நகர்த்தினாள்.

"ஏனுங்க அம்மிணி, இந்த ஜன்னல இப்படித் தள்ளுனா மலை தெரியுமுங்களா?"

தள்ளினாள். ஜன்னலுக்குள் மலை வந்து நின்றது. பொன்னழகு வாய்விட்டுச் சிரித்தார்.

"உட்டா முருகனையே கொஞ்சம் நகந்து நில்லுன்னு சொல்லிருவீங்களாட்ட இருக்குதுங்க." பிறகு என்னைப் பார்த்தார். "தம்பி காரு ஓட்டிக்கிட்டு வந்தவருங்களா? வெளிய நெழல் இருக்குதுங்க, போயி உக்காருங்க."

"எங்க வீட்டுக்காரருங்கண்ணே," என்று சொல்லி வினோலியா சிரித்தாள். அவர் எழுந்து கைகூப்பினார். டீ வரவழைத்தார். எனக்குக் கோபம் வரவில்லை. அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர் தெரியாமல் கேட்டது.

அடுத்த வாரம் ஃபேனைத் துடைக்க லேப்டாப்பைக் கடைக்கு எடுத்துப்போனேன். நூல் மில் இருக்கிற ஊர். பஞ்சு சேரும். துடைத்தேன். கூடவே கிராபிக்ஸ் சிப்புக்குப் போகிற மின்சாரத்தைப் பாதிக்கும் கீழே குறைத்து வைத்தேன். லேப்டாப்பின் செட்டிங்கில் செய்கிற சின்ன மாற்றம். அவளுக்கு அதில் எதுவும் தெரியாது. கடையை மூடும் முன்பே முடிந்துவிட்டது.

அதன் பிறகு ஒரு மணி நேர வேலை அரை நாள் இழுத்தது. ஆட்கள் முன்னால் சுவரை நகர்த்தினால் திரை நின்று நின்று வந்தது. அவர்கள் கொட்டாவி விட்டார்களாம். அவள் வெளியே போவதைக் குறைத்துக்கொண்டாள். படத்தை வீட்டிலேயே செய்து போனில் அனுப்பினாள். மதியம் நான் சாப்பிட வரும்போது வீட்டில் இருந்தாள். தட்டு வைத்துக் காத்திருந்தாள். அந்த நாட்கள் நன்றாக இருந்தன. அவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். கேட்டதில்லை.

பிறகு பெங்களூர் வந்தது. அங்கே கட்டடப் படம் செய்கிற ஒரு நிறுவனம். நேரில் பேசிவிட்டார்கள். கடைசியாக ஒரு சோதனை. அவர்கள் தரும் பங்களாவின் வரைபடத்தை வைத்து, வாசலில் நுழைந்து மொட்டைமாடி வரை நடப்பதுபோல ஒரு படம் செய்து சனிக்கிழமை காலைக்குள் அனுப்ப வேண்டும். அது நன்றாக இருந்தால் வேலை. சாப்பிடும்போது சொன்னாள்.

"நீ போயிட்டா நான் என்ன செய்யிறது?"

"பெங்களூருல லேப்டாப்பே கெடாதா? அங்கயும் கட போடலாம். ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் வீடு பாக்கச் சொல்லிருக்கேன்."

"அங்க எனக்கு யாரத் தெரியும்?"

"என்னயத் தெரியும்ல."

போகிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால், உண்மையாகவே சொல்லியிருக்கலாம் என்று படுகிறது. வீட்டுத் தரகர் அவள் இறந்த பிறகும் போன் செய்தார். கீழே கடை, மேலே வீடு, வந்து பார்க்கிறீர்களா என்று கேட்டார்.

அந்த நாட்களில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவள் குளிக்கப் போனால் குளியலறை வாசலில் நின்றேன். தண்ணீர்ச் சத்தம் நின்றால் கூப்பிட்டேன். அவள் காலைப் பிடித்துக்கூடச் சொன்னேன், போகாதே என்று. அவள் பயந்துபோய் என்னைத் தூக்கினாள். "என்னாங்க இது, சின்னப் புள்ளயாட்டம். நான் என்ன ஆகாயத்துக்கா போறேன்," என்றாள். அந்தோணியார் கோயிலுக்குப் போனேன். காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறவர் அவர். அவரிடம் போய், கிடைக்க இருக்கிற ஒன்றைக் காணாமல் போக்கச் சொல்லி மெழுகுவத்தி ஏற்றினேன்.

மாமனார் மிக்கேல்ராஜிடமும் போனேன். பள்ளிக்கூட வாத்தியார். பொறுமையாகக் கேட்டார்.

"மாப்ள, புள்ள ஓடிப்போகல. வேலைக்குப் போகுது. நீங்களும் கூடப் போங்க. உங்களக் கையப் புடிச்சா நிறுத்தி வச்சிருக்கு இந்த ஊரு?"

எல்லோரும் எளிதாகத்தான் சொன்னார்கள்.

இதற்கிடையில் வினோலியா எனக்குத் தெரியாமல் லேப்டாப்பைக் கண்ணனிடம் எடுத்துப் போயிருந்தாள். கண்ணனை உங்களுக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்ட் பக்கம் உதிரிப்பாகக் கடை. எனக்கும் அங்கிருந்துதான் பொருள் வரும். அந்த லேப்டாப்புக்குப் போன வருஷம் நான் வாங்கிய பேட்டரியும் அவன் கடையுடையது. அவன் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிட்டான். குறைத்து வைத்ததை அவிழ்த்துவிட்டான். மறுநாள் என் கடைக்கு வந்து, வேறு ஆள் இல்லாத நேரம் பார்த்து மெதுவாகச் சொன்னான்.

"அண்ணே, அக்கா லேப்டாப்பக் கைகாலக் கட்டி ஓட விட்டது மாதிரி இருந்துச்சு. நீங்கதான் கொறச்சு வச்சீகளா? சூட்டுக்காகத்தான?"

"சூட்டுக்காகத்தான்," என்றேன்.

"அப்பிடித்தான் நெனச்சேன். அக்காட்ட ஒண்ணும் சொல்லல. பழைய செட்டிங்கி, மாறிப் போச்சுன்னேன். ஆனா பேட்டரி லேசா உப்புதுண்ணே. அதோட ஓட்டாதீக. புதுசு எடுத்து வைக்கவா?"

"நான் பாத்துக்கிறேன்."

அவன் எனக்கு ஒரு பொய்யையும் கொடுத்துவிட்டு, நான் செய்ததை அவளிடமிருந்து மறைத்துவிட்டும் போனான். நல்லவன். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. என் மனைவிக்கு ஒன்று கெட்டால் அவள் வேறொரு கடையின் படி ஏறுகிறாள். அங்கே நின்று அக்கா என்று கூப்பிட வைத்துக்கொள்கிறாள். நான் கட்டியதை இன்னொருவன் அவிழ்க்கிறான். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அன்று மாலை வினோலியாவே சொன்னாள். "உங்களுக்கு வேல நெருக்கடின்னு கண்ணன்ட்டப் போனேன். கோவிச்சுக்காதீக."

"இதுல என்ன இருக்கு. குடு, ஒரு தரம் நானும் பாத்துத் தாரேன்."

கொடுத்தாள்.

கடையில் பிரித்தேன். பேட்டரி உள்ளே பை பையாக இருக்கும்; அதில் நடுப்பை உப்பியிருந்தது. கண்ணன் சொன்னது சரி. ஒரு வருஷம் அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில் வெந்த பேட்டரி உப்பத்தான் செய்யும். உப்பிய பேட்டரியைத் திரும்ப உள்ளே வைக்கக் கூடாது. எங்கள் தொழிலில் அதுதான் முதல் பாடம். அதன் அடியில் விரலை வைத்துத் தூக்கவும் செய்தேன். பிறகு இருந்த இடத்திலேயே படுக்க வைத்தேன்.

கண்ணன் அவிழ்த்ததை நான் திரும்பக் கட்டவில்லை. அவளுக்கு வேகம் வேண்டும். கொடுத்தேன். சூடு ஏறினால் தன்னை மெதுவாக்கிக்கொள்கிற ஏற்பாட்டை எடுத்துவிட்டேன். இரண்டு ஃபேனில் ஒன்றின் வயரைக் கழற்றிவிட்டேன். இப்படி ஓடினால் சனிக்கிழமைக்கு முன் கிராபிக்ஸ் சிப் செத்துவிடும் என்பது என் கணக்கு. சிப் செத்தால் படம் இல்லை. படம் இல்லாவிட்டால் பெங்களூர் இல்லை. சாக வேண்டியது சிப். வேறு எதுவும் இல்லை.

மூடும்போது அடிமூடி சரியாக உட்காரவில்லை. பேட்டரி முட்டியது. நடுவில் இரண்டு ஸ்குரூவைப் போடாமல் விட்டேன். எங்கள் ஊர்க் கடைகளில் இப்படி ஒரு பழக்கம் உண்டு. இந்த மாதம் புது பேட்டரி வேண்டாம், இதையே ஓட்டிக்கொள்கிறேன் என்று கெஞ்சுகிற ஆட்களுக்கு, உப்பலுக்கு இடம் விட்டு மூடிக் கொடுப்பார்கள். நான் அதுவரை செய்ததில்லை. கண்ணனும் செய்ய மாட்டான். எரிந்த மூடியில் இரண்டு துளை காலியாக இருக்கிறதே, ஸ்குரூ இருந்த தடயம் கூட இல்லையே என்று நீங்கள் முதல் நாளே கேட்டீர்கள். தெரியாது என்றேன். உப்பியிருப்பது தெரிந்தவன்தான் அந்த இரண்டையும் விடுவான்.

"இப்பப் பறக்கும்," என்று கொடுத்தேன்.

ஓட்டிப் பார்த்தாள். நிஜமாகவே பறந்தது. "இதுக்குத்தான் வீட்டுக்குள்ளயே ஒரு மெக்கானிக் வேணும்ங்கிறது," என்று என் தலையைக் கலைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை இரவு அவள் படத்தின் கடைசி ஓட்டத்தைப் போட்டாள். ஒவ்வொரு காட்சியாகக் கணினியே வரைந்து கோக்கும். ஒரு நாள் பக்கம் ஆகும். இடையில் நிறுத்த முடியாது. மறுநாள் வெள்ளிக்கிழமை மதியம், சித்திரை வெயில். மொட்டைமாடிக்குக் கீழே இருக்கிற அறை. பழைய ஏசி. லேப்டாப் கட்டிலில், அவள் பக்கத்தில் இருந்தது. முந்தின இரவு அவள் சரியாகத் தூங்கவில்லை.

கீழ் வீட்டுக்காரர் போன் செய்து நான் வந்தபோது ஜன்னல் இடுக்கில் கறுப்பாகப் புகை வந்துகொண்டிருந்தது. கதவு உள்ளே தாழ்ப்பாள். உடைக்க நேரமாகியது. மெத்தை பஞ்சு மெத்தை இல்லை. ஸ்பாஞ்ச். எரிவதைவிடப் புகைவது அதிகம். புகைதான் காரணம், தீ அவளை அதிகம் தொடவில்லை என்று டாக்டர் சொன்னார். எல்லோரும் அதை எனக்கு ஆறுதலாகச் சொன்னார்கள். முகம் அப்படியே இருக்கிறது பார் என்றார்கள். இருந்தது.

நான் அழவில்லை. கல்லறைத் தோட்டத்தில் மாமனார் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். மண் போடச் சொன்னார்கள். போட்டேன். அதிர்ச்சியில் உறைந்துவிட்டான் என்று பேசிக்கொண்டார்கள். உறைந்துதான் இருந்தேன். இப்போதும் அப்படித்தான்.

மாமனார்தான் புகார் கொடுத்தார். பேட்டரி யாரிடம் வாங்கியது என்று நீங்கள் கேட்டீர்கள். கண்ணன் கடை என்று உண்மையைச் சொன்னேன். பேட்டரியைப் பற்றி அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. அவனைக் கூட்டிப் போனீர்கள். கடைக்குப் பூட்டு விழுந்தது. நான் பொய் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஜாமீன் கிடைக்கவில்லை என்று கேள்விப்பட்ட அன்றும் கடையைத் திறந்து யாருடைய லேப்டாப்பையோ துடைத்துக்கொண்டிருந்தேன்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து வந்து உட்கார்ந்திருந்தபோது கண்ணனின் மனைவி புவனேஸ்வரி வந்தாள். உள்ளே வரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றாள்.

"அண்ணே, நான் சண்டைக்கு வரல. அவரு கள்ளப் பொருள் விக்கிற ஆள் இல்லன்னு உங்களுக்கே தெரியும். ஒரு வார்த்த ஸ்டேஷன்ல சொல்லுங்கண்ணே."

"நான் என்ன சொல்ல முடியும்."

"சொல்லாட்டிப் போகுது. அவரு உள்ள சாப்புடவே மாட்டேங்கிறாரு. மனு போட்டுப் பாக்கப் போனா எங்கள விசாரிக்கக் கூட இல்ல. அக்கா, அக்கான்னு அழுகுறாரு. 'அண்ணன்ட்டச் சொன்னத அக்காட்ட நேராச் சொல்லியிருந்தா மாத்திருப்பாகளே, நாந்தான கொன்னுட்டேன்'னு கெடந்து பொலம்புறாருண்ணே."

அவள் போன பிறகும் அந்தச் சொல் போகவில்லை. நான்தான் கொன்றுவிட்டேன் என்று அவன் சொல்கிறான். ஊரும் அதைத்தான் சொல்கிறது. கோர்ட்டிலும் அப்படித்தான் எழுதுவார்கள். வினோலியா என்ற பெயருக்குப் பக்கத்தில் இனி எப்போதும் கண்ணன் என்ற பெயர் இருக்கும். அவன் எதற்காக அழ வேண்டும்? அவளுக்கும் அவனுக்கும் என்ன? மறுநாள் காலை உங்களிடம் வந்தேன். நியாயத்துக்காக வந்ததாகத்தான் மாமனாரிடம் சொல்லியிருக்கிறேன். அதுவும் காரணம்தான்.

நீங்கள் நேற்று ஒன்று கேட்டீர்கள். தீக்குக் கொஞ்சம் முன்னால் வினோலியாவின் போனிலிருந்து எனக்கு ஓர் அழைப்பு வந்திருக்கிறதே, அதில் என்ன பேசினீர்கள் என்று. சாப்பாட்டைப் பற்றி என்றேன். அது உண்மையில்லை. இதோடு எழுதி முடிக்கிறேன்.

"ஏங்க, ஒரு மாதிரி வாட வருது," என்றாள். "இனிச்சாப்புல, நெகப்பாலிஷ் மாதிரி. கை வைக்கிற எடம் வேற மேல தூக்கிக்கிட்டு நிக்குது. ஆஃப் பண்ணிரவா?"

அது என்ன வாடை என்று எனக்குத் தெரியும். கடையில் அந்த வாடை வந்தால் பொருளைத் தூக்கித் தெருவில் போட்டுவிட்டு நாங்களும் வெளியே ஓடுவோம்.

"எம்புட்டு முடிஞ்சிருக்கு?" என்றேன்.

"முக்காவாசி. இப்ப நிறுத்துனா மொதல்லருந்து போடணும். நாளைக்குக் காலைக்குள்ள முடியாது."

முக்கால்வாசி. சிப் சாகவில்லை. என் கணக்கு தப்பிவிட்டது. மாலைக்குள் படம் முடிந்துவிடும். நாளை அனுப்பிவிடுவாள். அவள் செய்தால் நன்றாகத்தான் இருக்கும்.

யோசித்தேன். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

"நிறுத்தாத. ஓடட்டும்," என்றேன். "வேகமா ஓடுனா அப்பிடித்தான் வாட வரும். ஒண்ணும் ஆகாது. சார்ஜரப் புடுங்கிராத. கதவத் தாப்பாப் போட்டுட்டு நீ செத்த நேரம் படு."

"சரிங்க," என்றாள். குரலில் தூக்கம் இருந்தது. "கண்ணன்ட்ட ஒரு வார்த்த கேப்பமான்னு நெனச்சேன். நீங்க சொன்னாச் சரி."

அவனுடைய நம்பரும் அவளிடம் இருந்தது, மேடம். கேட்டிருந்தால் தெருவில் தூக்கிப் போடச் சொல்லியிருப்பான், அவள் இருந்திருப்பாள். ஆனால் அவனைக் கூப்பிடவில்லை. என்னைத்தான் கூப்பிட்டாள், நான் சொன்னபடிதான் செய்தாள் என்பதில் மட்டும் எனக்கு இன்றுவரை ஒரு நிம்மதி இருக்கிறது.